நீலாம்பாளின் சீட்டுக்கட்டு

எனக்கு ஜோசியக்காரர்களைக் கண்டாலே ஆகாது. எங்கள் மாவு மிஷினுக்கு எதிரே ஒருவன் கிளிக்கூண்டோடு வந்து உட்கார்ந்தால், வாசல் தெளிக்கிற சாக்கில் ஒரு வாளித் தண்ணீரை அவன் பாயில் ஊற்றி எழுப்பிவிடுவேன். என் வீட்டுக்காரர் காலமான வருஷம் மூன்று பேர் எனக்கு நல்ல காலம் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு கிளி ஜோசியச் சீட்டுக்கட்டைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் நீலாம்பாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. மிஷினுக்கும் நீலாம்பாள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கரண்ட் இருக்கும்வரை என் மிஷின் சத்தம் அவர்களைக் கொல்லும். கரண்ட் போய்விட்டால் அவர்கள் தறிச் சத்தம் என் காதில் விழும். அவள் புருஷன் உமாபதி பேசுகிற ஆள் இல்லை. வாயைத் திறந்தால் வெற்றிலை கொட்டிவிடுமோ என்பதுபோல் இருப்பார். அவருக்கும் சேர்த்து நீலாம்பாள் பேசுவாள். அவள் வாய்க்குப் பயந்து மாவு அரைக்க வேறு தெருவுக்குப் போனவர்கள் உண்டு. எனக்கு வியாபார நஷ்டம்.

அவர்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து உடலை நெய்கிறவர் ஒருவர். வலது பக்கம் உட்கார்ந்து, கரைக்கு ஊடை இழை சுற்றிய நாடாவைப் போடுகிறவர் இன்னொருவர். உமாபதிக்கு வலது பக்கம் முதலில் உட்கார்ந்தது அவர்களுடைய ஒரே பிள்ளை வீரபாகு. அவனுக்குத் தறியில் மனம் நிற்காது. தெருமுனையில் லாரி திரும்பினால் போதும், இன்ன ஊர் வண்டி, இன்ன டிரைவர் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வான். கை மட்டும் நாடாவைப் போட்டுக்கொண்டிருக்கும்.

அறுபத்தாறாம் வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம், முதலாளி வீட்டு ஆள் தறியில் இருந்த புடவையைப் பார்க்க வந்தான். கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு இழை துருத்திக்கொண்டிருந்தது. அவன் வாய் திறப்பதற்குள் நீலாம்பாள் முந்திக்கொண்டாள். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி அந்த ஆளிடம் காட்டினாள்.

"பாத்துக்கோப்பா இந்தக் கைய. இது சோத்துக்குத்தான் போவும். வேலைக்குப் போவாது. எனக்குன்னு வந்து பொறந்துக்கிது!"

அந்த ஆள் சிரித்தான். வீரபாகு கையை உருவிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம். மறுநாள் காலையில் அவன் இல்லை. எவனோ ஒரு லாரியில் கிளீனராக ஏறிப் போய்விட்டான் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சொன்னார்கள். பதினெட்டு வயது.

இந்தக் கதை அப்போது எனக்குத் தெரியாது. தெருவுக்கு அவள் சொன்னது வேறு. "அவரு திட்டிட்டாருக்கா, புள்ள ரோசக்காரன், போயிட்டான்" என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். உமாபதி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை உட்கார்ந்த இடத்தில் அவள் போய் உட்கார்ந்தாள். நாடா மறுபடியும் ஓடியது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மதில் ஓரம் காசிநாதன் என்ற கிளி ஜோசியக்காரரிடம் போய் உட்காருவாள். கிளி வெளியே வரும், முருகனையோ மகாலட்சுமியையோ எடுத்துப் போடும். "வந்துடுவாம்மா, வடக்க இருக்குறான், நல்லா இருக்குறான்" என்பார் காசிநாதன். மூன்று வருஷம் இதே பாட்டு. நான் திட்டாத திட்டு இல்லை. அவள் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போனபோது கூண்டு காலியாக இருந்தது. பூனை அடித்துவிட்டது. காசிநாதன் சவரம்கூடச் செய்யாமல் சீட்டுக்கட்டை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பட்சி போயிடுச்சும்மா. ஓணும்னா நீயே ஒண்ணு எடு."

அவள் எடுத்தாள். அதுவரை அவள் பார்த்திராத படம். சுடுகாடு. ஒரு பெண், செத்த தன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையின் ஒரு கை கீழே தொங்குகிறது. காசிநாதன் சட்டென்று அதை வாங்கிக் கவிழ்த்தார்.

"இது வராது. இத்த அடியில வெச்சிடுவோம். பட்சிக்கு அப்டிப் பழக்கி வெச்சிருந்தேன்."

"அப்ப இவ்ளோ நாளு நீ எனக்குச் சொன்னதெல்லாம்?"

அவர் அன்றைக்குப் பொய் சொல்கிற நிலையில் இல்லை. "எனக்கு இன்னாம்மா தெரியும். மூஞ்சியப் பாத்துச் சொல்றதுதான். படத்தப் பாத்ததும் உன் மனசுல இன்னா வந்துச்சோ, அது உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கட்டைத் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்துவிட்டார். பிறகு தென்னேரியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

அவள் மனதில் வந்தது சாவு இல்லை. அந்தத் தொங்குகிற கை. தான் தூக்கிப் பிடித்துக் காட்டிய மணிக்கட்டு. வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டதாம், மூன்று வருஷமாகத் தான் கிளியிடம் கேட்டது பிள்ளை எப்போது வருவான் என்பதை இல்லை, அவன் போனது என்னாலா என்பதை என்று. அதற்குக் கிளி என்ன பதில் சொல்லும்?

நேராக என்னிடம்தான் வந்தாள். மிஷினில் யாருடைய கேழ்வரகோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கத்திச் சொன்னாள்.

"அவரு ஒண்ணும் சொல்லலக்கா. நான்தான் சொன்னேன். நான்தான் என் புள்ளையத் தொரத்துனேன்."

நான் மிஷினை நிறுத்தினேன். கேழ்வரகுக்காரி முணுமுணுத்தாள். அவளை நான் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி புருஷனிடமும் சொன்னாளாம். உமாபதி "தெரியும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அது ஒரு பழக்கமாயிற்று. காலையில் குளித்துவிட்டு, தறியில் உட்காருவதற்கு முன் கட்டைக் கலைத்து ஒரு சீட்டு எடுப்பாள். என்ன நடக்கும் என்று கேட்க மாட்டாள். படத்தைப் பார்ப்பாள், நேற்று தான் எப்படி இருந்தோம் என்று யோசிப்பாள். காக்கை மேல் சனீஸ்வரன் வந்தால், நேற்று யாரை வயிறெரியப் பேசினேன் என்று தேடுவாள். பாம்பாட்டி வந்தால், யாரை என் இஷ்டத்துக்கு ஆட்டி வைத்தேன் என்பாள். ஒரு நாள் தயிர்க்காரி படம் வந்ததாம், அளந்து விற்கிறவளைப் பார்த்ததும் அவளுக்கு என் ஞாபகம். என் கடைக்கு வந்து, "அக்கா, நீங்க மாவுல கை வெக்கிறீங்கன்னு நான்தான் தெருவுல சொல்லிக்கினு இருந்தேன்" என்று நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே மிஷினில் போட்டு அரைத்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் அவள் வாய் அடங்கிவிட்டது. தெருக் குழந்தைகள் அவள் வாசலில் கோலி விளையாட ஆரம்பித்தன. நல்லதுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பழைய நீலாம்பாளோடு சண்டை போடுவதில் ஒரு ருசி இருந்தது.

சுடுகாட்டுச் சீட்டு வருகிற நாளில் மட்டும் அவளைப் பார்க்க முடியாது. கண்ணெல்லாம் வீங்கியிருக்கும். "அத்தத் தூக்கிப் போட்டுத் தொலையேன்" என்றேன் ஒரு தடவை.

"அது வரணுங்க்கா. அது வந்தாத்தான் அவன் கையி எனக்கு ஞாபகம் இருக்கும். அன்னைக்கு அழுதுட்டு உக்காந்தா, கரையில ஒரு இழை தப்பாது எனக்கு."

உமாபதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். சீட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

எழுபத்தொன்றில் அவளுக்கு ஒரு வேண்டுதல் எண்ணம் வந்தது. பிள்ளை வந்து சேர வேண்டும், காமாட்சி அம்மனுக்கு ஒரு புடவை, அதைத் தங்கள் கையாலேயே நெய்து சாத்த வேண்டும். முதலாளியிடம் சொல்லித் தனியாகப் பாவு, அதாவது நெடுக்கு இழை, வாங்கித் தறியில் பூட்டினார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை. அம்மனுக்கு நெய்வதென்றால் சும்மா இல்லை. குளிக்காமல் தறியைத் தொடக்கூடாது, கவிச்சி கூடாது, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. வீட்டிலேயே ஒரு தீட்டு வந்துவிட்டால் தறியை அப்படியே நிறுத்த வேண்டும். என் மாமியார் வழியில் ஒரு சாவு என்று நான்கூட அந்த மாதம் அவள் வாசற்படி ஏறவில்லை.

புடவை பாதியில் இருந்தபோது உமாபதி இரண்டு நாள் ஆரணிக்குப் போய்வந்தார். ஜரிகை விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். திரும்பி வந்த அன்று ஈர வேட்டியோடு தெருவில் நடந்துவந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. குளத்தில் முழுகிவிட்டு வருகிறேன் என்றார். அம்மன் புடவை நெய்கிறவர், சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் புடவையைச் சாத்தினார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். உமாபதி மட்டும் உள்ளே வரவில்லை. காலில் அடி என்று கோபுரத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆண்பிள்ளைகளுக்குக் கோயிலுக்கு வருவதென்றால் எப்போதும் ஒரு சாக்கு வேண்டும் என்று நானே அவரைக் கேலி செய்தேன். அம்மன் மேல் அந்த அரக்கைப் பார்த்ததும் நீலாம்பாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இனிமே வந்துடுவாங்க்கா."

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. சுடுகாட்டுச் சீட்டு வருவது நின்றுபோயிற்று. ஒரு மாதம் வரவில்லை, இரண்டு மாதம் வரவில்லை. தை போய், சித்திரை போய், அடுத்த ஆடியும் போயிற்று. எப்படிக் கலைத்து எடுத்தாலும் முருகன் வந்தான், பிள்ளையார் வந்தார், தயிர்க்காரி வந்தாள், அது மட்டும் வரவில்லை.

"அம்மா என்ன மன்னிச்சுட்டாக்கா. போதும்டி அழுததுன்னு அத்த எடுத்துட்டா" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. இப்போது அவனுக்கு என்ன உயரம் இருக்கும், சட்டைக்கு எத்தனை கஜம் வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வருஷம் அவளைப் பார்க்கப் பார்க்க, வந்துவிடுவானோ என்று எனக்கே தோன்றியது.

எழுபத்திரண்டு ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. மழைக்காலம் நெசவாளர்களுக்குப் பட்டினிக்காலம். தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும், காலை வைக்க முடியாது. நீலாம்பாள் வீட்டில் ஓடும் ஒழுகிற்று. அலமாரியில் இருந்த சீட்டுக்கட்டு நனைந்துவிட்டது. நாலாம் நாள் காலையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும், கட்டை எடுத்துக்கொண்டு என் மிஷின் முற்றத்துக்கு வந்தாள். கோணிப்பையை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தாள். நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் வைத்து முடித்தபின் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பினாள்.

"இன்னா தேடுற?"

"அது இல்லக்கா."

"எது?"

அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எனக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. அம்மன் எடுத்துவிட்டாள் என்றால் கட்டிலிருந்தா எடுத்துக்கொண்டு போவாள்? அந்த வீட்டில் இரண்டே பேர். அலமாரிக்கு எலிகூட ஏறாது. சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

அவள் அங்கே இங்கே தேடவில்லை. நேராகத் தறிக்கு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உமாபதி கால் வைக்கிற குழியில், முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். குழியின் பக்கச் சுவரில், அவர் உட்கார்ந்தால் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன மாடம். வெற்றிலைப் பெட்டியும் எண்ணெய்க் கிண்ணமும் வைத்துக்கொள்வார். அது அவர் பக்கம். ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் அவள் அதில் கை விட்டதில்லை. இப்போது விட்டாள். வெற்றிலைப் பெட்டிக்கு அடியிலிருந்து சீட்டு வந்தது.

தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு ஏறவில்லை. சீட்டு நனையவில்லை. ஆனால் அது எப்படி இருந்தது தெரியுமா? மற்ற சீட்டுகளெல்லாம் மழையில் நனைகிறவரை விறைப்பாகவே இருந்தன. இது துணிபோலத் துவண்டிருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. பிள்ளையின் முகம் இருந்த இடத்தில் விரல் தேய்த்துத் தேய்த்துச் சாயம் போயிருந்தது. ஒளித்து வைத்த பொருள் இப்படித் தேயாது. தினமும் ஒருவன் எடுத்துப் பார்த்தால்தான் தேயும். அவள் அதைப் பார்த்தபடி தண்ணீரிலேயே நின்றாள். அழவில்லை.

உமாபதி வந்தார். தண்ணீர் இறைக்க ஒரு தகரத்தை யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு வந்தவர், அவள் குழியில் நிற்பதையும் தறியின் மேல் பாவில் வைத்திருந்த சீட்டையும் பார்த்தார். தகரத்தைக் கீழே வைத்தார்.

"எப்போ?" என்றாள் அவள்.

"பொடவ பாதியில இருக்க சொல்லோ."

"யாரு வந்து சொன்னது?"

"பஸ் ஸ்டாண்டாண்ட லாரி ஓட்டுவானே, அந்தோணி. நெல்லூருக்கு இப்பால நம்ம புள்ள வண்டி கவுந்துடுச்சி. அப்ப நான் ஆரணிக்குப் போவல. அங்கதான் போனேன். கொள்ளி வெச்சிட்டுத்தான் வந்தேன்."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்பதுபோல் பேசினார்.

"உன் காதுல உயுந்தா உனக்கும் தீட்டு. பொடவ நின்னுடும். அவன் வர்றதுக்குன்னு நீ வேண்டிக்கினு நெய்ற பொடவ. முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன். உன் காதுல உயாத வரிக்கும் உனக்குத் தீட்டு இல்ல. கரை நீ நெய்ஞ்சது. அது சுத்தம். ஒடம்புதான் நான் நெய்ஞ்சது. அந்தப் பாவம் என்னோட போவட்டும்னு நெனச்சேன். சாத்திட்டு வந்து நீ சிரிச்ச. அப்பால எப்படிமே சொல்றது? அந்தச் சீட்டு வந்து உனக்குச் சொல்லிடும்னு பயந்து எடுத்துட்டேன்."

அது அவளுக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நாடா இங்கிருந்து அங்கே போகிறது, அங்கிருந்து இங்கே வருகிறது, ஒரு வார்த்தை போகவில்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அம்மன் புடவையைத் தீட்டுக் கையால் நெய்துவிட்டோம் என்று ஒன்றரை வருஷமாகக் கோயிலுக்குள் போகாமல் வாசலோடு நின்றவர் மேல் எவ்வளவு நேரம் ஆத்திரப்பட முடியும்?

நீலாம்பாள் மாரில் அடித்துக்கொள்வாள், அவரைப் பிடித்து உலுக்குவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் சீட்டைக் கையில் எடுத்தாள்.

"கையி எப்படி இருந்துச்சு?"

"இன்னாமே?"

"அவன் கையி. பாத்தியா நீ?"

உமாபதி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பாத்தேன். கிளீனரா இருந்தவன் டிரைவரு ஆயிட்டிருக்கான். அந்தோணி சொன்னான். கையெல்லாம் காப்புக் காச்சிப் போயிருந்துச்சி, நீலா. என் கையவிட அதிகமா காச்சிருந்துச்சி. நல்லா வேல செஞ்ச கை."

அப்போதுதான் அவள் கத்தினாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் தெருவுக்கே கேட்டிருக்கும்.

தீட்டு அவளுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது. அவள் கேட்ட நாளையே இறந்த நாளாக வைத்துக் காரியம் செய்தார்கள். மழையும் அதற்குள் விட்டுவிட்டது. கருமாதி முடிந்து, குழி காய்ந்து, தறியில் மறுபடி உட்கார்ந்த அன்று நான் அங்கே இருந்தேன். என் முற்றத்திலிருந்து வாரிக் கட்டிவைத்திருந்த சீட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தேன். நீலாம்பாள் அதை வாங்கி அலமாரியில் வைத்தாள், பிரிக்கவில்லை. அந்தத் தேய்ந்த சீட்டை மட்டும் எடுத்துப் போய், குனிந்து, அவர் பக்கத்து மாடத்திலேயே வைத்தாள்.

"இனிமே பாத்தா என்கிட்டயும் குடு" என்றாள்.

உமாபதி தலையை ஆட்டினார். பிறகு இரண்டு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள், முதலாளி புடவை ஒன்று பாதியில் இருந்தது.